இணைப்பு: ஒரு புகைப்படம்

ராத்திரி பதினொன்றே காலுக்கு வந்திருக்கிறது.
இரண்டு வரி, கீழே ஒரு படம்.
சரக்கில் உயிருள்ள தாவரம்.
கொள்கலன் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
ராட்டர்டாம் துறைமுகத்தில்
இரண்டு பித்துக் கட்டிகளின் இடுக்கில்
வெளிறிப்போய், நூல் மாதிரி,
விரல் நீளம்கூட இல்லை,
கொழுக்கட்டைப் புல்.

விதை எப்படிப் போச்சு என்று முதலாளி கத்துகிறார்.
களத்தைச் சுற்றி வலை கட்டியிருக்கிறோம்.
மயிலாத்தா சீலைக் கொசுவத்தில் ஒட்டி வந்திருக்கும்,
எனக்குத் தெரியும்.
சொன்னால் அவளுக்கு அந்த வாரக் கூலி இல்லை.

நெகமத்துக்கு மேற்கே எங்கள் களம்.
மட்டையில் நார் உரித்தபின் விழுகிற தூளை
முன்னெல்லாம் ரோட்டோரம் கொட்டித் தீ வைப்பார்கள்.
இப்போது கழுவுகிறோம்.
கழுவக் கழுவ உப்பு இறங்கும்.
மீட்டரை விட்டுப் பார்ப்பது என் வேலை.
அரைக்குக் கீழே என்றால் கட்டி அடிக்கலாம்.
மேலே என்றால் இன்னொரு தண்ணீர்.
அந்த ஊர்க் கண்ணாடி வீட்டில்
மண்ணையே பார்க்காத தக்காளிக்கு
எங்கள் தூள்தான் மண்.
உப்புப் பட்டால் வாடிவிடுமாம்.

படிவம் நிரப்புவதும் நான்தான்.
நிகர எடை, ஈரம், கப்பல் பெயர்,
பூச்சியில்லை என்ற சான்றின் எண்.
தீர்வைக் கட்டத்தில் சைபர்.
சைபர் என்றால் நல்ல சேதி என்று
கோயமுத்தூர்க் கூட்டத்தில் ஒருவர் விளக்கினார்.
காபி நன்றாக இருந்தது.
தண்ணீருக்கு மட்டும் கட்டம் கிடையாது.
எத்தனை லாரி என்று யாரும் கேட்டதில்லை,
நானும் எண்ணி வைக்கவில்லை.

கழுவின தண்ணீர் எங்கே போகும்?
பள்ளத்துக்குத்தான்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம்
நாச்சிமுத்து தோட்டம்.
நாச்சிமுத்து என் வீட்டுக்காரர்.

ஒன்றரை ஏக்கர் தக்காளி.
கிணறு சவர் ஏறி, இலை நுனி கருகியபோது
அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
சொட்டுநீர்க் குழாய் என் சம்பளத்தில் போட்டது.

வெள்ளிக்கிழமை கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்கு
நாற்பது பெட்டி ஏற்றிப் போனார்.
பதினைந்து கிலோப் பெட்டி அறுபது ரூபாய்.
"வேணும்னா எறக்குங்க, இல்லாட்டி ஓட்டிட்டுப் போங்க"
என்றாராம் பாலக்காட்டு வியாபாரி.
வண்டி வாடகை, பறிகூலி, தரகு
எல்லாம் கழித்துப் பார்த்து
பாதியை மாட்டுக்குக் கொட்டிவிட்டு
பொழுதோட வந்து படுத்துக்கொண்டார்.
படுத்தபடியே கேட்டார்:
"உம்பட தூள்ல வெளையற தக்காளி
அங்க என்ன வெலைக்குப் போகுது?"
பார்த்துச் சொன்னேன்.
நம் காசில் கிலோ இருநூற்று எழுபது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அது நல்ல தண்ணி குடிக்குது" என்றார்.

மறுநாள் மதியம்
மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து
எங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன்.
மூன்று புள்ளி எட்டு.
துடைத்து மறுபடி விட்டேன்.
மூன்று புள்ளி எட்டு.
இதற்குப் படிவத்தில் ஒரு சொல் உண்டு,
ஏற்கத்தக்கதல்ல.
எருமை வந்து குடித்தது.
நான் அரிசி களைந்தேன்.

அழிக்கவா, திருப்பி அனுப்பவா,
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும்.
திருப்பினால் கப்பல் வாடகைக்கே கட்டாது.
'அழித்துவிடவும்' என்று தட்டினேன்.
இன்வாய்ஸ் எண் போட்டேன்.
வருந்துகிறோம் என்று போட்டேன்.

படத்தை மட்டும் அழிக்கவில்லை.
வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், சும்மா.
உடனே பதில் வந்தது.

"கொழுக்கட்டைப் புல்லு.
மண்ணு நல்லா நனஞ்சிருக்குதே,
மழ எங்க பேஞ்சுது?
யாரு காடு இது?"